பிள்ளைகள் கேட்கும் "மெட்டல்" பாட்டு

புதுவையில் பல வீடுகளில் இப்போது ஒரு சண்டை நடக்கிறது. மகன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறான். கசியும் சத்தம் தகப்பனார் காதில் விழுகிறது. பாடுகிறவன் உறுமுகிறான். டிரம் இடி இடிக்கிறது. இசைத்தட்டின் அட்டையைப் பார்த்தால் மண்டை ஓடு! "இது என்ன பேய்ப் பாட்டு? நிறுத்தடா!" என்கிறார் தகப்பனார். மகன் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

பாட்டைவிட, அந்தக் கதவு சாத்தப்படுவதுதான் நமக்குக் கவலை தருகிறது.

இந்தப் பாட்டுக்கு "மெட்டல்" என்று பெயர். மெட்டல் என்றால் உலோகம். மின்சார கிதார், பெரிய டிரம், உரத்த குரல் ஆகியவை இதன் அடையாளம். இதில் பல வகை உண்டு. இனிய மெட்டில் பாடுவது ஒரு வகை. அதற்கு "மெலடிக் மெட்டல்" என்று பெயர். துக்கமும் இருளும் கலந்து, நிதானமாகப் பாடுவது இன்னொரு வகை. அதை "டார்க் ராக்" என்கிறார்கள். புதிய தட்டுகள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கின்றன.

குடும்பத்தார் படிக்கும் பத்திரிகையில் இவற்றுக்கு விமர்சனம் எழுதலாமா? அவசியம் எழுத வேண்டும் என்பது நம் கருத்து. சினிமாப் படம் வந்தால் அது நல்லதா, கெட்டதா, குழந்தைகளோடு பார்க்கலாமா என்று எழுதுகிறோம். இதற்கும் எழுதினால்தான், பிள்ளை எதைக் கேட்கிறான் என்பது பெற்றோருக்குத் தெரியும். தெரியாத ஒன்றைத் திட்டுவதால் பயன் இல்லை.

ஆலையில் பிறந்த இசை

இங்கிலாந்தில் பர்மிங்காம் என்று ஒரு தொழில் நகரம் இருக்கிறது. அங்கே டோனி அயோமி என்ற வாலிபர் இரும்புத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தார். வயது 17. கிதார் வாசிப்பதில் அவருக்கு ஆசை அதிகம். வேலையை விட்டு நிற்க வேண்டிய கடைசி நாள். அன்று பார்த்து இயந்திரத்தில் கை சிக்கியது. வலக் கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது!

அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். ஆகவே தந்திகளை அழுத்த வேண்டியது அந்த வலக் கைதான். "இனி வாசிக்க முடியாது" என்று அவர் மனம் உடைந்தார். அப்போது தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் வாசித்தவர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். பிரான்சில் புகழ் பெற்ற கிதார் மேதை. தீ விபத்தில் கை கருகி, இரண்டே விரல்களால் வாசித்தவர். அதைக் கேட்டதும் அயோமிக்குத் தெம்பு வந்தது. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல் நுனிக்குக் குப்பி செய்தார். அதன் மேல் தோல் ஒட்டினார். அழுத்தினால் வலிக்கக் கூடாது என்று, நாளடைவில் தந்திகளைத் தளர்த்திக் கட்டினார். சுருதி இறங்கியது. ஓசை கனத்தது. இன்று நாம் கேட்கும் மெட்டல் ஓசைக்கு அதுவே தொடக்கம்.

அவர் சேர்ந்த குழுவின் பெயர் "பிளாக் சாபத்". முதல் தட்டு 1970 பிப்ரவரி 13-ல் வெளிவந்தது. பாடகர் ஆஸி ஆஸ்பர்ன், கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர். "காசு கொடுத்துப் பேய்ப்படம் பார்க்கிறார்களே, பயமுறுத்தும் பாட்டை ஏன் கேட்க மாட்டார்கள்?" என்று இவர்கள் யோசித்தார்களாம். மண்டை ஓட்டுப் படங்கள் வந்த வழி இதுதான். ஆனால் அதே ஆண்டு அவர்கள் போட்ட இரண்டாவது தட்டின் முதல் பாட்டு, போரைத் தூண்டிவிட்டு ஏழைகளைச் சாக அனுப்பும் பெரிய மனிதர்களைச் சாடியது. 2025 ஜூலை 5-ல் அந்தக் குழுவின் கடைசிக் கச்சேரி பர்மிங்காமில் நடந்தது. அதே மாதம் 22-ந் தேதி ஆஸ்பர்ன் காலமானார்.

புதுவைக்காரர்களுக்கு இந்தக் கதை புரியாமல் போகாது. ஆலைச் சங்கு ஊதி விடிந்த ஊர் இது. 1936 ஜூலை 30-ல் சவானா மில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் உயிர் இழந்தார்கள். ரோடியர் மில் என்று நம் மக்கள் சொல்லும் ஏ.எப்.டி. ஆலை 2020-ல் மூடப்பட்டது. தறிகளின் இரைச்சலில் நாள் முழுவதும் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இந்தப் பாட்டைக் கேட்கிறார்கள். இரைச்சலுக்குள்ளே ஒரு மனிதன் நிற்கிறான் என்பது நமக்குத் தெரியாதா, என்ன?

பறையையும் ஒரு காலத்தில் "வெறும் சத்தம்" என்று ஒதுக்கியவர்கள் உண்டு. இன்று அதே பறை பெரிய மேடைகளில் முழங்குகிறது.

பாரிசில் ஒலித்த பாட்டு

2024 ஜூலை 26. பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா. மழை பெய்துகொண்டிருந்தது. சேன் நதிக் கரையில் கான்சியர்ஜரி என்ற பழைய கட்டிடம். 1793-ல் ராணி மரி அந்துவானெத்தைத் தலை வெட்டும் முன் அடைத்து வைத்திருந்த சிறை அது. அதன் சுவர்களில் நின்று, தீப்பிழம்புகளுக்கு நடுவே ஒரு மெட்டல் குழு வாசித்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாட்டு! உலகமே பார்த்தது.

அந்தக் குழுவின் பெயர் "கோஜிரா". தெற்குப் பிரான்சில் பயோன் ஊர்ப் பக்கத்தில் 1996-ல் தொடங்கியவர்கள். ஜோ, மரியோ என்ற அண்ணன் தம்பிதான் அதன் உயிர். அந்தப் பாட்டுக்கு 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் கிராமி பரிசும் கிடைத்தது. ஜூலை 14-ந் தேதி கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்கு மலர் வளையம் எடுத்துச் செல்லும் நம் ஊர்ப் பிரெஞ்சுக் குடும்பங்களில், அன்று இதைப் பார்த்து மூக்கில் விரல் வைத்த தாத்தாக்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

கோஜிரா தட்டுகளில் நாம் முதலில் சொல்வது "மேக்மா". 2016-ல் வந்தது. அது தயாராகிக்கொண்டிருந்த காலத்தில் அந்தச் சகோதரர்களின் தாய் நோயுற்று இறந்துபோனார். அந்தத் துக்கம் தட்டு முழுவதும் இருக்கிறது. உறுமல் குறைந்து, குரல் தேம்புவது போல ஒலிக்கிறது. நம் ஊரில் தாய் இறந்தால் ஒப்பாரி வைக்கிறோம். அந்த மகன்கள் கிதாரை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இதைக் கேட்டுவிட்டு "பேய்ப் பாட்டு" என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

சிங்கப்பூர் "ருத்ரா"

சிங்கப்பூரில் நம்மவர்கள் தொடங்கிய குழு ஒன்று உண்டு. பெயர் "ருத்ரா". 1992-ல் பிறந்தது. பாடுபவர் கதிர். வேதாந்தம் கற்றவர். 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் "பிரம்மவித்யா" என்ற பெயரில் மூன்று தட்டுகள் போட்டார்கள். உபநிடதக் கருத்துகளும் வடமொழி மந்திரங்களும் அவற்றில் வருகின்றன. மெட்டல் என்றாலே தெய்வ நிந்தனை என்று நினைப்பவர்கள் இவற்றைக் கேட்க வேண்டும்.

குறையும் உண்டு. உறுமும் குரலில் சொற்கள் காதில் ஏறுவது இல்லை. இவ்வளவு பெரிய தத்துவத்தைச் சொல்ல வந்தவர்கள், பாட்டியும் புரிந்துகொள்ளும்படி பாட வேண்டாமா? வடமொழியும் ஆங்கிலமும் வந்த இடத்தில் தமிழையும் உட்கார வைத்திருக்கலாம் என்பது நம் ஆதங்கம்.

டில்லியின் "பிளடிவுட்" குழு வேறு ரகம். டோலும் புல்லாங்குழலும் சேர்ந்து ஒலிக்கின்றன. மனச்சோர்வில் தவிப்பவர்களுக்குத் தைரியம் சொல்லும் "ஜீ வீரே" என்ற பாட்டை 2019-ல் வெளியிட்டார்கள். 2022-ல் வந்த "ரக்ஷக்" தட்டில் அதுவும் இருக்கிறது. வயது வந்த பிள்ளை உள்ள வீட்டில் கேட்கலாம். பெண் குரலில் இனிய மெட்டு வேண்டும் என்பவர்களுக்குப் பின்லாந்தின் "நைட்விஷ்" இருக்கிறது. 2024-ல் வந்த அவர்களுடைய தட்டில் காலமும் முன்னோரும்தான் பொருள்.

எல்லாத் தட்டுகளையும் நாம் ஆதரிக்கவில்லை. ரத்தமும் பிணமும் காட்டினால் விற்கும் என்றே செய்யப்படும் தட்டுகள் ஏராளம். பெண்களை இழிவாகப் பேசுபவையும் உண்டு. அவற்றை வீட்டில் நுழைய விடாதீர்கள். எப்படித் தெரிந்துகொள்வது? சொற்களைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் சினிமாப் பாட்டுப் புத்தகம் வாங்கிப் படித்தோமே, அது போல இவற்றின் சொற்களும் கைப்பேசியில் கிடைக்கின்றன. "இதற்கு என்ன அர்த்தம்? எனக்குச் சொல்லு" என்று மகனிடமோ மகளிடமோ கேளுங்கள். அர்த்தம் சொல்லத் தெரிந்த பிள்ளையைப் பற்றிப் பயம் வேண்டாம். சொல்லத் தயங்கினால், அல்லது எப்போதும் சாவைப் பற்றிய பாட்டிலேயே மூழ்கிக் கிடந்தால், பாட்டைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டி வந்தால் அதில் வெட்கம் இல்லை.

ஜூன் 21 உலக இசை நாள். பிரான்சில் 1982-ல் தொடங்கிய இந்த விழாவைப் புதுவையில் அல்லியான்ஸ் பிரான்சேஸ் நடத்தி வருகிறது. ராக் வாசிக்கும் இளைஞர்களும் அன்று மேடை ஏறுவது உண்டு. கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறவர்கள் பிள்ளைகளோடு சற்று நின்று கேட்டுவிட்டு வரலாம். காசு செலவு இல்லை.

சத்தத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாக இருங்கள். 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கெட்டுப்போன செவி நரம்பு திரும்ப வளராது. கைப்பேசியில் ஒலி அளவு 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காதுக்குள் செருகும் கருவியைவிட, காதை மூடும் கருவி நல்லது. வெளிச் சத்தத்தை அது தடுப்பதால், குறைந்த ஒலியிலேயே பாட்டுத் தெளிவாகக் கேட்கும்.