கைக்கும் காலுக்கும் புதுப் பாடம்

வீட்டுக்குப் புதிய மோட்டார் சைக்கிள் வருகிறது. மாலை போடுகிறார்கள். சந்தனம், குங்குமம் இடுகிறார்கள். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். அக்கம்பக்கத்தார் வந்து விலையைக் கேட்கிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்கிறார்கள்.

எல்லாம் சரி. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பது இல்லை. "இந்த வண்டி, உங்கள் பழைய வண்டியைப் போன்றதுதானா?" என்ற கேள்வி அது. முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

"பதினைந்து வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். எனக்கா தெரியாது?" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஓட்டத் தெரியும். சந்தேகம் இல்லை. ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது பழைய வண்டி! அந்தப் பழக்கம் மனதில் மட்டும் இல்லை. கையிலும் காலிலும் ஊறிக் கிடக்கிறது. ஆபத்து வரும்போது மனம் யோசிப்பதற்கு முன்பே கை பிடித்துவிடுகிறது. கால் மிதித்துவிடுகிறது. பழைய வண்டியில் உயிரைக் காப்பாற்றிய பழக்கமே, வேறு வகை வண்டியில் எமனாக வந்து நிற்கக்கூடும்.

புல்லட்டின் கதை

நமக்கு நன்றாகத் தெரிந்த புல்லட் மோட்டார் சைக்கிளையே எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்து என்பீல்டு கம்பெனியும், சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து, 1955ஆம் ஆண்டில் "என்பீல்டு இந்தியா" என்ற கம்பெனியைத் தொடங்கின. திருவொற்றியூர் தொழிற்சாலையில் இருந்து புல்லட் வண்டிகள் நாடெங்கும் போயின.

அந்தப் பழைய புல்லட்டில் கியர் வலது காலில். பின் சக்கரத்து பிரேக் இடது காலில். அது இங்கிலாந்து வழக்கம். மற்ற கம்பெனிகளின் மோட்டார் சைக்கிள்களில் இது நேர்மாறாக இருந்தது. 2008ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த புதிய என்ஜின் புல்லட்களிலும் கியர் இடப்பக்கத்துக்கு வந்துவிட்டது. பிரேக் வலப்பக்கம் போய்விட்டது.

பெயர் ஒன்று. தோற்றமும் ஏறத்தாழ ஒன்று. ஆனால் கால்களின் வேலை தலைகீழ்!

தாத்தாவின் பழைய புல்லட்டைப் பேரன் ஆசையாக எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் புது மாதிரி வண்டியில் பழகியவன். குறுக்கே ஒரு நாய் ஓடுகிறது. பிரேக் என்று நினைத்து வலது காலை அழுத்துகிறான். அங்கே இருப்பது கியர்! பழைய புல்லட்டில் முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும். மற்ற கியர்களுக்குக் கீழே அழுத்த வேண்டும். ஆகவே காலை அழுத்தினால் வண்டி நிற்பதற்குப் பதில் அடுத்த கியருக்குத் தாவப் பார்க்கும்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடுகிறது. அது ஏறத்தாழ ஒரு பஸ்ஸின் நீளம். "அடடா, கால் மாறிவிட்டதே!" என்று உணர ஒரு விநாடி ஆனால், அதற்குள் அவ்வளவு தூரம் போயாகிவிட்டது.

இடது கையில் இருப்பது என்ன?

இன்று பல வீடுகளில் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு, கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்குகிறார்கள். "அப்பாவும் ஓட்டலாம், அம்மாவும் ஓட்டலாம், கல்லூரிக்குப் போகும் பெண்ணும் ஓட்டலாம்" என்பது நல்ல யோசனைதான். ஆனால் இங்கும் ஒரு பொறி இருக்கிறது.

மோட்டார் சைக்கிளில் இடது கைப்பிடியில் இருப்பது கிளட்ச். கியர் இல்லாத ஸ்கூட்டரில் அதே இடத்தில் இருப்பது பிரேக்! கிளட்சை முழுவதும் இழுத்துப் பழகிய கை, ஸ்கூட்டரிலும் அப்படியே இழுத்துவிடும். மழை ஈரத்திலோ மணலிலோ வண்டி சறுக்கிவிடும். வலது கால் பிரேக்கைத் தேடும். அங்கே வெறும் பலகைதான் இருக்கும்.

ஸ்கூட்டரில் பழகியவர் மோட்டார் சைக்கிளுக்கு மாறினாலும் தொல்லைதான். நிற்க வேண்டும் என்று இடது கையை இழுப்பார். கிளட்ச் விடுபடும். வண்டி நிற்காது, உருண்டுகொண்டே போகும்.

சக்கரத்தையும் பார்க்க வேண்டும். ஸ்கூட்டர் சக்கரம் சிறியது. மோட்டார் சைக்கிள் ஏறி இறங்கிய பள்ளம், ஸ்கூட்டரைத் தூக்கிப் போட்டுவிடும். எடையும் வேறு. தினசரி ஓட்டத்துக்கான சிறிய மோட்டார் சைக்கிள் ஏறத்தாழ 110 கிலோ. புல்லட்டோ அதைவிட மிகவும் கனமானது. ஓடும்போது இந்த எடை தெரியாது. வாசல் சரிவில் பின்னுக்குத் தள்ளும்போது தெரியும்!

சத்தம் போடாத வண்டி

இப்போது மின்சார ஸ்கூட்டர் வந்துவிட்டது. நம் ஓசூரிலேயே அவை தயாராகின்றன. பெட்ரோல் செலவு இல்லை. புகை இல்லை. சத்தமும் மிகக் குறைவு. அந்தச் சத்தம் இல்லாத தன்மைக்குத்தான் பழக வேண்டும்.

என்ஜின் இரைச்சலைக் கேட்டே வேகத்தை அறிந்தவர்கள் நாம். மின்சார வண்டியில் அந்தக் காது கணக்கு உதவாது. தெருவில் நடக்கும் கிழவருக்கும், விளையாடும் குழந்தைக்கும் வண்டி வருவது கேட்காது. வீட்டு வாசலில் நிற்கும் வண்டி "ஆப்" ஆகிவிட்டதா, இல்லையா என்பதும் காதுக்குத் தெரியாது. முன்னால் நிற்கும் குழந்தை விளையாட்டாகக் கைப்பிடியைத் திருகினால் வண்டி பாய்ந்துவிடும். ஆகவே நிறுத்தியதும் முதல் வேலை, சாவியைத் திருப்பி அணைப்பது. பிறகுதான் பையை எடுப்பது, பிள்ளையை இறக்குவது எல்லாம்.

சட்டம் கேட்காததை வீடு கேட்கட்டும்

கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் பெற்றவர், கியர் வண்டியை ஓட்டக்கூடாது. இது சட்டம். ஆனால் கியர் வண்டி லைசென்ஸ் இருந்தால் போதும். எந்தப் பக்கம் கியர், எந்தக் கையில் பிரேக் என்று யாரும் சோதிப்பது இல்லை. லைசென்ஸ் இருப்பவருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்றுதான் அர்த்தம். இந்த வண்டி தெரியும் என்று அர்த்தம் இல்லை.

எனவே வீட்டார்தான் கேட்க வேண்டும். புதிய வகை வண்டி வாங்கியவர், முதல் சில நாள் அதிகாலையில் ஒரு காலி மைதானத்துக்குப் போகட்டும். மெதுவாக ஓட்டி, நிறுத்தி, ஓட்டி, நிறுத்தி, இருபது முறை பிரேக் பிடித்துப் பழகட்டும். முதல் ஒரு மாதம் மனைவி, மக்களைப் பின்னால் ஏற்ற வேண்டாம். இரவில் நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியது இல்லை. அது முதல் நாளும் வேண்டும், ஆயிரமாவது நாளும் வேண்டும்.

அண்ணன் ஸ்கூட்டரையும் தம்பி மோட்டார் சைக்கிளையும் மாற்றி மாற்றி எடுக்கும் வீடுகளில் இன்னும் ஜாக்கிரதை தேவை. புறப்படும் முன் ஒவ்வொரு முறையும் இரண்டு பிரேக்கையும் ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அரை நிமிஷம் போதும்.

"நாளைக் காலையே மில் வேலைக்குப் போக வேண்டும். ஒரு மாதம் யார் காத்திருப்பது?" என்று கேட்கலாம். காத்திருக்க வேண்டாம். தனியாகப் போகலாம். அரை மணி முன்னதாகக் கிளம்பி, கூட்டம் இல்லாத வழியில் போகலாம். தவணைக் கணக்கை அரை மணி நேரம் விளக்கும் கடைக்காரர், பிரேக்கையும் கியரையும் காட்ட ஒரு கால் மணி நேரம் ஒதுக்கலாம். கேட்டு வாங்குவது வாங்குகிறவரின் உரிமை.

"ஒரு மாதம் போகட்டும், பிறகு நான் பின்னால் ஏறுகிறேன்" என்று மனைவி சொன்னால், கணவர் அதை அவமானமாக நினைக்கக் கூடாது. அது நம்பிக்கைக் குறைவு இல்லை, அக்கறை.

புதிய என்ஜினை முதல் சில நூறு கிலோமீட்டர் வேகமாக ஓட்டாதீர்கள் என்று கம்பெனிக்காரர்களே புத்தகத்தில் அச்சிட்டுத் தருகிறார்கள். இரும்புக்கே பழகுவதற்கு அவகாசம் வேண்டியிருக்கிறது. மனிதனின் கைக்கும் காலுக்கும் வேண்டாமா?