பெற்றோர் கையில் ஒரு பஸ் கார்டு

வெளிநாட்டில் இருக்கும் நம்மைப் பார்க்க வரும் பெற்றோரை நாம் நடத்தும் விதத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஊரில் ரேஷன் கடை முதல் வங்கி வரை தனியாகவே போய் வருகிறவர்கள், விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கைப்பிள்ளை ஆகிவிடுகிறார்கள். சொன்ன இடத்தில் நிற்க வேண்டும், போட்டோவுக்குச் சிரிக்க வேண்டும். கொரியாவில் இருக்கும் நம்மவர்கள் போடும் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான்: சியோலில் அரண்மனை, நம்சான் கோபுரம், பிறகு பூசான் கடற்கரை, ஜேஜு தீவு. ஒரு வாரம் ஓட்டமாக ஓடிவிட்டு, பிள்ளை வேலைக்குத் திரும்பியதும் மிச்ச நாளெல்லாம் நாலு சுவருக்குள் டிவி.

நான் உல்சானில் கப்பல் வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன். தென்கிழக்குக் கடலோரத்தில் சுமார் 11 லட்சம் பேர் வாழும் தொழில் நகரம். மெட்ரோ ரயில் கிடையாது, பஸ்தான். அக்டோபரில் அப்பாவும் அம்மாவும் வந்தபோது முதல் வேலையாக ஆளுக்கொரு பஸ் கார்டு வாங்கிக் கொடுத்தேன். தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும், பணமும் அங்கேயே ஏற்றிக்கொள்ளலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் தொட வேண்டும். இறங்கும்போது தொட்டால்தான் அடுத்த பஸ்ஸுக்குக் கட்டணச் சலுகை. எந்த பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று நிறுத்தத்தில் பலகை காட்டும். எண்ணைப் படிக்கக் கொரிய மொழி வேண்டாம். வீட்டுக் கதவில் எண் பூட்டு. எண்ணை இருவரிடமும் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

அம்மா கண்டுபிடித்தது ஐந்து நாளுக்கு ஒருமுறை கூடும் சந்தை. வயதான பெண்கள் நடைபாதையில் கீரையைப் பரப்பி உட்கார்ந்திருப்பார்கள். அம்மா விரலால் காட்டினாராம், அந்தப் பாட்டி கால்குலேட்டரில் விலையைக் காட்டினாராம். காசை வாங்கிய கையோடு இன்னொரு பிடி கீரையை அள்ளிப் பைக்குள் போட்டாராம். "இங்கேயும் கொசுறு உண்டுடி" என்று அன்று இரவு முழுக்க அதே பேச்சு.

அடுத்த சந்தைக்கு என்னைக் கூட்டிப்போனதும் அம்மாதான். நான் பலமுறை தாண்டிப் போயிருந்த மாவு மில்லுக்குள் நுழைந்தார். ஒரு பக்கம் மிளகாய் வற்றல் அரைபடும் நெடி, மறு பக்கம் ஊறவைத்த அரிசி மாவாகிக்கொண்டிருந்தது, மூலையில் எள்ளை வறுத்து எண்ணெய் பிழிந்துகொண்டிருந்தார்கள். அம்மா முகர்ந்து பார்த்தார். "வறுத்துட்டு ஆட்டுறாங்க. நம்ம நல்லெண்ணெய் வாசம் எப்படி வரும்?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஒரு பாட்டிலும் வாங்கிக்கொண்டார். அம்மா சைவம். கிம்ச்சியில் பெரும்பாலும் மீனோ இறாலோ ஊறியிருக்கும், சூப்புக்கு நெத்திலி போட்டுக் கொதிக்க வைப்பார்கள். வெளிச்சாப்பாடு அவருக்குச் சரிவராது. கீரையும் முள்ளங்கியும் சர்க்கரைவள்ளியும் தானே பார்த்து வாங்கத் தொடங்கியதும் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகப் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீபெரும்புதூர் ஹூண்டாய்க்குத் தாய்வீடு 1968இல் இங்கேதான் தொடங்கியது என்றதும் அரண்மனையெல்லாம் மறந்துபோனது. 2015இல் திறந்த உல்சான் பாலத்துக்கு அருகே குன்றின் மேல் ஒரு பார்வைக் கோபுரம் இருக்கிறது. கார் ஆலை, கப்பல் கட்டும் தளம், ரசாயன ஆலைகள் எல்லாம் அங்கிருந்து ஒருசேரத் தெரியும். கப்பலேறக் காத்திருக்கும் கார்களின் வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றவரைக் கிளப்புவதே பெரும்பாடாகிவிட்டது.

காலை நடைக்கு அவருக்குத் தேஹ்வா ஆற்றங்கரை. ஒரு காலத்தில் கழிவுநீரால் நாறிய ஆறு. இன்று அதன் கரை, 2019 முதல், நாட்டின் இரண்டாவது தேசியத் தோட்டம்; நாலு கிலோமீட்டருக்கு மூங்கில் காடு. உடற்பயிற்சிக் கருவியில் எப்படி நிற்பது என்று ஒரு கொரியத் தாத்தா அவருக்கு நின்று காட்டியிருக்கிறார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூட இல்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு அப்பா கிளம்பிவிட்டார்.

"மொழி தெரியாத ஊரில் வயதானவர்களைத் தனியே விடுவதா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். அப்பா ஒருநாள் எதிர்த்திசை பஸ்ஸில் ஏறிவிட்டார். சட்டைப் பையில் கொரிய மொழியில் எழுதிய முகவரிச் சீட்டு இருந்தது. ஓட்டுநர் அதைப் படித்துவிட்டு, சாலையின் மறுபக்க நிறுத்தத்தைக் கை காட்டி இறக்கிவிட்டார். அரை மணி நேரத் தாமதம், அவ்வளவுதான். முழங்கால் வலி, மறதி உள்ளவர்களின் கதை வேறு. அவர்கள் கூடவே இருக்கத்தான் வேண்டும். மற்றவர்களுக்குத் தேவை கொஞ்சம் முன்னேற்பாடு.

அதைச் சொல்லிவிடுகிறேன். முகவரிச் சீட்டு கட்டாயம். போலீசுக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 119, ஆங்கிலத்தில் உதவி கேட்கச் சுற்றுலா உதவி எண் 1330. வழி பார்க்க நேவர் மேப் போட்டுக் கொடுங்கள். குறுகிய கால விசாவில் வருகிறவர்களுக்குக் கொரியாவின் தேசிய மருத்துவக் காப்பீடு கிடையாது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பயணக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

அரண்மனையையும் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெற்றோர் விமானம் ஏறி வருவது நாம் பிழைக்கும் ஊரைப் பார்க்க. அதில் பாதியையாவது அவர்களே பார்த்துக்கொள்ள விடுங்கள்.