பழைய காருக்குப் புதிய வலு

பழைய 'டர்போ' வண்டியின் வலுவைக் கூட்ட விழையும் இளைஞர் பலர், அமுக்கத்தைக் கூட்டும் திருகிலேயே முதலிற் கைவைக்கின்றனர். அது கடைசியில் தொடவேண்டியது.

சுவீடன் நாட்டு ஸாப் நிறுவனம் 1978இல் விற்பனைக்கு விட்ட '99 டர்போ'வை எடுத்துக்கொள்வோம். வீணே வெளியேறும் புகையின் விசையாற் சுழலும் சில்லு எஞ்சினுள் காற்றை நெருக்கித் திணிக்கின்றது. இரண்டு லீற்றர் எஞ்சின் 145 குதிரைவலுத் தந்தது இதனாலேயே. ஆனால் நெருக்குண்ட காற்றுச் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர் பம்பின் அடியைத் தொட்டு இதனை அறிந்திருப்பர். சூடு மிஞ்சினால், சுவாலை சென்றடையுமுன்னரே மீதிக் கலவை தானாக வெடித்து, உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழும். அதைப் பொருட்படுத்தாது விரைவாக ஓட்டுபவர் பிஸ்டனை இழப்பார்.

ஆகவே முதலில், முதுமையுற்ற றப்பர்க் குழாய்களில் வெடிப்புகளைத் தேடுங்கள். இழந்த வலு சிலவேளை அங்கேயே மீண்டுவிடும்; செலவும் அற்பம். அடுத்தது, காற்றைக் குளிர்விக்கும் 'இன்டர்கூலர்'. 1984இல் 16 வால்வு எஞ்சினோடு இதனையும் பொருத்தியபோது 'ஸாப் 900' வண்டியின் வலு 175 ஆயிற்று. கூடிய காற்றுக்கு ஏற்ற பெற்றோல் பாய்கின்றதா என்பதையும் உறுதிசெய்த பின்னரே திருகு. அதுவும் சிறிது சிறிதாக, கண் அமுக்கமானியிலும் செவி எஞ்சினிலுமாக!