பிசின் ஊற்றி மூடிய பெட்டி

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்த நோய்க்குறி பழக்கமானதாகவே இருக்கும். காலையில் ஒரே உதையில் கிளம்பும் வண்டி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் விக்கத் தொடங்கும். பிறகு சாவியை அணைத்ததுபோலச் சட்டென்று நின்றுவிடும். அரை மணி நேரம் புளியமரத்து நிழலில் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி கிளம்பும். உக்கடத்தில் புறப்பட்டுப் பாலக்காட்டுச் சாலையில் போகும் இப்படியான வண்டிகள் பெரும்பாலும் மதுக்கரையை ஒட்டித்தான் நிற்கின்றன. அந்தத் தூரத்துக்குள் எஞ்சின் நன்றாகச் சூடேறிவிடுகிறது என்பதைத் தவிர இதில் மர்மம் ஏதுமில்லை.

தள்ளிக்கொண்டு போனால் பட்டறையில் கிடைக்கும் தீர்ப்பும் ஏறத்தாழ ஒன்றேதான். "சிடிஐ போயிருச்சுங்க, மாத்திரலாம்."

இந்தத் தீர்ப்பு பல சமயங்களில் தவறானது என்பதும், சரியாக அமையும் சமயங்களிலும் 'மாற்றிவிடலாம்' என்பது போதிய பதில் அல்ல என்பதும் என் கருத்து. இதற்கு மெக்கானிக்கைக் குறை சொல்வதில் பயனில்லை. திறந்து பார்க்க முடியாத ஒரு பொருளைப் பற்றி யாராக இருந்தாலும் ஊகிக்கத்தான் முடியும்.

சிடிஐக்கு முன்னால் இருந்தது பிளாட்டினம் பாயிண்ட். மேக்னட் கவரைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்து இடைவெளியைச் சரி செய்யலாம். மழையில் நனைந்தால் மக்கர் செய்யும், தேயும், அடிக்கடி கவனிப்புக் கேட்கும். ஆனால் கோளாறு எங்கே என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். சிடிஐ வேறு மாதிரியானது. மேக்னட் சுழலும்போது சோர்ஸ் காயிலில் சில நூறு வோல்ட் வரை மின்னழுத்தம் எழுகிறது. அதை ஒரு டையோடு ஒருவழிப்படுத்தி கண்டன்சருக்குள் சேர்த்துவைக்கிறது. (அகராதி இதை மின்தேக்கி என்கிறது; பட்டறையில் பாயிண்ட் காலத்திலிருந்தே கண்டன்சர்தான்.) பிஸ்டன் உரிய இடத்துக்கு வரும்போது பிக்கப் காயில் ஒரு சிறு துடிப்பை அனுப்ப, எஸ்சிஆர் என்னும் மின்னணுக் கதவு திறக்கிறது. கண்டன்சரில் இருந்ததெல்லாம் ஒரே வீச்சில் இக்னிஷன் காயிலுக்குள் கொட்டி, பிளக் முனையில் பத்தாயிரக்கணக்கான வோல்ட்டாக மாறிப் பொறியாகிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுழலும் ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் இது ஒரு நொடிக்கு நூறு முறை நடக்கிறது.

கருத்து பழையது. நிக்கோலா டெஸ்லா 1898-இல் கண்டன்சர் கொண்டு எஞ்சினைப் பற்றவைக்கும் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருக்கிறார். எஸ்சிஆர் 1957-இல் வந்த பிறகுதான் அதைக் கைக்கு அடக்கமாகச் செய்ய முடிந்தது. 1969-இல் கவாசாகி எச்1 வண்டியில் சிடிஐ இருந்தது. நம் சாலைகளுக்கு அது பரவலாக வந்தது 1980-களின் நடுவில், ஜப்பானியக் கூட்டில் தயாரான 100 சிசி வண்டிகளோடு. இன்றும் கொங்கு நாட்டு இளைஞர்கள் தேடித்தேடி வாங்கும் யமஹா ஆர்எக்ஸ் 100 அவற்றுள் ஒன்று. 1985-இல் வந்தது, 1996-இல் நின்றது.

இந்தப் பெட்டிக்குள் உறுப்புகள் மிகக் குறைவு. சில டையோடுகள், ஒரு எஸ்சிஆர், ஒரு கண்டன்சர், விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ரெசிஸ்டர்கள். மேலே எப்பாக்சி பிசினை ஊற்றிக் கல்லாக உறையவைத்திருப்பார்கள். இதை வெறும் சதி என்று சொல்லிவிட முடியாது. மதுக்கரையைப் போலச் சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டுத் தூசியும் கலந்த ஊரில், பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தோடு வீசும் மாதங்களில், ஓயாமல் அதிரும் வண்டியில் பிசின் இல்லாத மின்னணுப் பலகை எத்தனை நாள் தாங்கும்? மூடுவது அவசியம். மூடியதன் உள்ளே இருப்பதைச் சொல்லாமல் விடுவதற்குத்தான் அப்படி எந்த அவசியமும் இல்லை.

சொல்லாமல் விட்டதன் விளைவைப் பார்ப்போம். வண்டி சூடேறி நின்றுவிட்டது. மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார், கரண்ட் வரவில்லை. சிடிஐ என்கிறார். ஸ்பேர்ஸ் கடைக்குப் போய்ப் புதிய பெட்டியை வாங்கி வந்து மாட்டுகிறார். வண்டி கிளம்புகிறது. பழைய பெட்டிதான் குற்றவாளி என்று நிரூபணமாகிவிட்டது. உரிமையாளரும் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். மறுநாள் அதே தூரத்தில் வண்டி மறுபடி நிற்கிறது. கடைக்குப் போய்த் திரும்பிய அரை மணி நேரத்தில் எஞ்சின் ஆறியிருந்தது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பழைய பெட்டியையே மாட்டி உதைத்திருந்தாலும் வண்டி கிளம்பியிருக்கும். புதியதைப் போட்டு ஓடிய வண்டியில் பழையதைத் திரும்ப மாட்டி, அதே சூட்டில் ஓட்டிப் பார்க்கும் எதிர்ச்சோதனை சில நிமிட வேலைதான். அதைச் செய்யும் பட்டறைகள் அபூர்வம்.

உண்மையான குற்றவாளி பல சமயம் சோர்ஸ் காயில். தலைமுடி போன்ற மெல்லிய செம்புக் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள். உள்ளே எங்கோ ஒரு நுண்ணிய முறிவு இருந்தால், குளிர்ந்த நிலையில் முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் விரியும்போது விலகும். மீட்டர் வைத்துக் காலையில் அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். நின்ற இடத்திலேயே, நின்ற சூட்டிலேயே அளக்க வேண்டும். பிக்கப் காயிலுக்கும் இதே நோய் உண்டு. பிளக் கேப், எர்த் இணைப்பு, எல்லாவற்றையும்விடச் சாவியிலிருந்து வரும் கம்பி. இந்த வகை வண்டிகளில் சாவியை அணைப்பது என்பது ஒரு கம்பியைப் பாடியில் தொடவைப்பதுதான். அந்தக் கம்பியின் தோல் டேங்குக்கு அடியில் உரிந்து சட்டத்தில் பட்டாலும் எஞ்சினுக்குச் சாவியை அணைத்ததாகவே அர்த்தம். அந்த ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

காயில் என்று உறுதியானால், கோவை வட்டாரத்துக்காரர்கள் ஒரு விதத்தில் அதிர்ஷ்டசாலிகள். பம்ப் மோட்டார் செய்யும் ஊர் என்பதால் மோட்டாருக்குக் கம்பி கட்டும் வைண்டிங் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. இந்த மெல்லிய கம்பிக்குப் பொறுமை அதிகம் வேண்டும். ஆனாலும் பழைய காயிலின் சுற்றுகளை எண்ணி, கம்பியின் கனத்தை அளந்து, அதேபோல் சுற்றி, வார்னிஷில் முக்கி உலர்த்தித் தருபவர்கள் உண்டு. திறந்து எண்ண முடிகிற பொருள் என்பதால்தான் அந்தத் தொழில் இருக்கிறது.

எல்லாச் சோதனையும் முடிந்து சிடிஐதான் என்று தெரிந்தால்? அதையும் திறக்கலாம். ஹீட் கன் கொண்டு பிசினைச் சூடாக்கினால் மெல்ல இளகும். கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்க்க வேண்டும். சற்று முன்வரை ஓடிய வண்டியின் பெட்டி என்றால் கண்டன்சரில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கலாம், முதலில் அதைக் காலி செய்தாக வேண்டும். முதல் பெட்டி பிழைக்காது. பிசினோடு உறுப்புகளும் பிய்ந்து வந்துவிடும். ஒரே மாடலில் செத்த பெட்டிகள் இரண்டு மூன்று கையில் இருந்தால், முதலாவதைப் படம் வரைவதற்காகப் பலி கொடுக்கலாம். உள்ளே காணக்கூடியவை பெரும்பாலும் மூன்றுதான். அதிர்வில் வெடித்த ஈயப்பற்று, கொள்ளளவு குறைந்துபோன கண்டன்சர், சூட்டில் கசியும் எஸ்சிஆர். கண்டன்சரை மாற்றும்போது மதிப்பு ஒத்துப்போனால் மட்டும் போதாது. நொடிக்கு நூறு முறை முழுவதுமாகக் காலியாகி நிரம்புவதைத் தாங்கும் ஃபிலிம் வகையாக, வோல்ட்டேஜ் தாராளமாக உள்ளதாக வேண்டும். பிறகு பழையபடி பிசின் ஊற்ற வேண்டும். உறுப்புகளின் விலை சொற்பம், உழைப்பு அப்படியல்ல.

'இத்தனை பாடு எதற்கு, கடையில் புதியது கிடைக்கிறதே' என்ற கேள்வி நியாயமானதுதான். கிடைப்பது பெரும்பாலும் அசல் அல்ல. கனெக்டர் பொருந்தும், நிறங்கள் மாறியிருக்கும். சோர்ஸ் காயிலிலிருந்து இயங்கும் ஏசி வகையும் பேட்டரியிலிருந்து இயங்கும் டிசி வகையும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும். மாற்றிப் போட்டால் புகைந்துவிடும். அதைவிட மோசமானது சத்தமில்லாமல் நடப்பது. எஞ்சின் வேகத்துக்கேற்பப் பொறி விழும் நேரத்தை முன்பின்னாக மாற்றும் வேலையும் பல மாடல்களில் இந்தப் பெட்டியுடையதுதான். போலியில் அந்தக் கணக்கு சரியாக இல்லையென்றால் வண்டி ஓடும், ஆனால் சூடேறும், பெட்ரோல் குடிக்கும். பொறி அளவுக்கு மீறி முந்தினால் டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனே ஓட்டையாகும். அந்த நேரக் கணக்கு என்ன என்பது தயாரித்தவருக்குத்தான் தெரியும். அவர் தயாரிப்பை நிறுத்தி முப்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன.

என் கோரிக்கை எளியது. ஒரு வண்டியின் உதிரிபாகத்தைத் தயாரிப்பதை நிறுத்தும் நாளில், அதன் மின்சுற்றுப் படத்தையும் நேரக் கணக்கையும் அந்நிறுவனம் பொதுவில் வெளியிட வேண்டும். தொழில் ரகசியம் போய்விடும் என்ற வாதம் இங்கே நிற்காது. காப்புரிமையின் ஆயுளே இந்தியாவில் 20 ஆண்டுகள்தான், அதுவும் கண்டுபிடிப்பை வெளிப்படையாக எழுதிக் கொடுத்தால். 1996-இல் நின்றுபோன வண்டியில் காக்க வேண்டிய காப்புரிமை இன்று எதுவும் இருக்க முடியாது. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழுவின் வரம்பில் வாகனங்களும் இருந்தன. ஆக, கேட்கத் தகாத கேள்வி அல்ல இது.

இலக்கியப் பக்கத்தில் இதை எழுதுவதற்கும் காரணம் உண்டு. கோவையின் தொழில் வரலாறே பிரித்துப் பார்த்ததில் தொடங்கியது என்று சொல்லலாம். ஜி.டி. நாயுடு ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைக் கழற்றி மாட்டித்தான் எந்திரம் கற்றுக்கொண்டார். அவரைப் பற்றிய புகழுரைகள் நம்மிடம் ஏராளம். அவர் அன்று செய்த அதே வேலையை இன்று செய்பவர்களின் அறிவு தமிழில் எங்கே பதிவாகியிருக்கிறது? நம் கதைகளில் மெக்கானிக் வருகிறார். கரிபடிந்த கையோடு வருகிறார், ஏழையாக வருகிறார், காதலிக்கிறார். அவர் ஒரு கோளாறை எப்படி யோசித்துக் கண்டுபிடிக்கிறார் என்பது மட்டும் அநேகமாக வருவதில்லை. நிறுவனங்கள் படத்தைத் தரும்வரை, பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்கள் பழைய நோட்டுகளில் வரைந்துவைத்திருப்பதுதான் ஆவணம். அவற்றைச் சேகரித்து, பட்டறைச் சொற்களை மாற்றாமல் அச்சிடும் வேலையைச் சிற்றிதழ்க்காரர்கள் செய்யலாம். சுவடி தேடி ஊர் ஊராகப் போன மரபு நமக்கு உண்டுதானே.

இதில் அவசரமும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 நடைமுறைக்கு வந்த பிறகு விற்பனையான வண்டிகள் பெரும்பாலானவற்றில் பொறியையும் பெட்ரோலையும் சேர்த்து ஆள்வது ஈசியு. அதன் பிசினைப் பெயர்த்துப் படம் வரைந்தாலும் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி சிப்புக்குள் எழுதப்பட்ட நிரலில் இருக்கிறது. அதை ஹீட் கன் வைத்து எடுக்க முடியாது.