பர்ஸைக் கடிக்காத டோக்கியோ!

விமான டிக்கெட், ஹோட்டலுக்குக் கணக்குப் போடுகிறவர்கள் நுழைவுக் கட்டணத்தில் கோட்டை விடுவதுண்டு. நான்கு பேர் குடும்பம் என்றால் ஒவ்வொரு இடத்திலும் நான்கு டிக்கெட்!

634 மீட்டர் உயர ஸ்கைட்ரீயில் ஏற ஆசையா? வார நாளில், முன்பதிவு செய்து போனால் கட்டணம் குறைவு. உயரத்திலிருந்து ஊரைப் பார்த்தால் போதுமா? ஷின்ஜுகுவில் உள்ள பெருநகர அரசு அலுவலகத்தின் 45-வது மாடிக்குப் போகலாம். 202 மீட்டர் உயரம், கட்டணமே இல்லை.

உயெனோவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் வழக்கமான காட்சிகள் 18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கும், 70 வயதானவர்களுக்கும் இலவசம். தாத்தா, பாட்டி பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும்.

அரண்மனைக் கிழக்குத் தோட்டமும் இலவசம்தான். ஆனால் திங்கள், வெள்ளி விடுமுறை. தெரியாமல் போனால் ரயில் காசும் அரை நாளும் வீண்.

கட்டண இடம் ஒன்றே ஒன்று. அதைப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும். மிச்சக் காசு ராமெனுக்கு!