பால் கக்கும் பிள்ளையின் செவி

மொழியுரிமை என்றதும் காங்கேசன்துறையை நினையாத தமிழர் இரார். 1956ஆம் ஆண்டு தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துக் காலிமுகத் திடலில் அறப்போர் நடத்திய அணியின் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் அத்தொகுதியின் பிரதிநிதி. பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய் அவருடைய குரலை மெலிவித்தது. அருகிருந்தோருக்கே அரிதிற் கேட்ட அந்தக் குரலுக்கு ஓர் இனமே செவி சாய்த்தது. குரல் மெலிந்தவருக்கும் மொழி உண்டு. கேளாத குழந்தைக்கோ, உரிய காலத்தில் நாம் வழி செய்யாவிடின், மொழியே எட்டாது போய்விடும். சட்டப் புத்தகத்திலே தமிழுக்கு இடம் கேட்ட நாம், தொட்டிலிலே கிடக்கும் பிள்ளையின் காதுக்குள் தமிழ் போய்ச் சேருகிறதா என்று கேட்டோமா?

1990இல் ஊரைவிட்டு விரட்டப்பட்ட வலிகாமம் வடக்கு மக்கள் பல்லாண்டு அகதி வாழ்வுக்குப் பின் பகுதி பகுதியாக மீண்டிருக்கின்றனர். காங்கேசன்துறைக்கு 2015இல் புகைவண்டி திரும்பி வந்தது. 2023இல் நாகபட்டினத்துக் கப்பல் வந்தது. 1990இல் நின்றுபோன சிமெந்து ஆலையைப் பற்றியும் துறைமுகத்தைப் பற்றியும் மேடைதோறும் பேசுகின்றார்கள், பேசட்டும். கைக்குழந்தையின் செவியைப் பற்றிப் பேசுவாரைத்தான் காணோம். ஆகவே நாம் பேசுகின்றோம்.

பால் குடித்த பிள்ளை அதைக் கக்குவது எந்த வீட்டிலும் காணும் காட்சி. இரைப்பையின் மேல்வாயிலுள்ள தசை வளையம் இன்னும் உறுதிப்படாமையால், உண்ட பாலும் அதனோடு புளித்த நீரும் மேலே வருகின்றன. பிறந்து மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளுள் ஏறக்குறையப் பாதிப்பேர் நாளுக்கு ஒருமுறையேனும் இவ்வாறு எதிர்க்களிக்கின்றனர். நான்காம் மாதத்தளவில் இது மிகும். ஓராண்டு நிறையும்போது பெரும்பாலோருக்குத் தானாகவே நின்றுவிடும். நிறை கூடிச் சிரித்து விளையாடும் பிள்ளைக்கு இதற்கென மருந்து வேண்டியதில்லை. பச்சையாகவோ இரத்தம் கலந்தோ வாந்தி வந்தால், பால் பீறிட்டுப் பாய்ந்தால், நிறை குறைந்தால், அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இதற்கும் காதுக்கும் என்ன தொடர்பு? தொண்டையின் மேற்பகுதியையும் நடுக்காதையும் இணைக்கும் குழாயொன்று உண்டு. பெரியோருக்கு அது சரிந்து நீண்டிருக்கும். கைக்குழந்தைக்கோ குறுகலாய், ஏறக்குறையக் கிடையாய் இருக்கும். மேலே வந்த புளித்த நீர் அவ்வழியே நடுக்காதை எட்டக்கூடும் என்பது மருத்துவரின் ஐயம். 2002ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் ஆராய்ச்சியாளர், காதில் நீர் கோத்த பிள்ளைகளிடமிருந்து எடுத்த மாதிரிகளுள் நூற்றுக்கு 83இல் பெப்சின் என்னும் இரைப்பை நொதியம் சார்ந்த பொருளைக் கண்டு ‘லான்செட்’ இதழில் எழுதினர். அப்பிள்ளைகள் கைக்குழந்தைகளல்லர், சற்று வளர்ந்தவர்கள் என்பதை மறக்கலாகாது. நொதியம் அங்கே இருந்தது என்பதனால் அதுவே நோயை உண்டாக்கிற்று என்று முடிவுகட்டவும் இயலாது. எதிர்க்களிப்புக்குரிய மருந்தைக் கொடுத்தாற் காது தெளியும் என்பதற்குப் போதிய சான்றும் இதுவரை இல்லை.

இவ்வளவும் நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பால் கக்கும் பிள்ளை பேசப் பிந்தினால் வீட்டார் இரண்டு விதமாக எண்ணுகின்றனர். “கக்கிக் கக்கி மெலிந்த பிள்ளை, தேறினாற் பேசும்” என்று சிலர் காத்திருக்கின்றனர். வேறு சிலர் எல்லாப் பழியையும் பாலின் தலையில் ஏற்றி, பால்மாவை மாற்றி மாற்றிப் பணத்தைக் கரைக்கின்றனர். இரு சாராரும் செய்யாது விடுவது ஒன்றே: செவியைச் சோதிப்பது. நாவில் வசம்பு தேய்த்தாற் பேச்சு வரும் என்ற நம்பிக்கையும் நம் ஊரில் இன்னும் மாண்டுபோகவில்லை. நாவைத் தேய்க்கிறோம், காதைக் கவனிக்கிறோமில்லை!

நடுக்காதில் நீர் கோத்தாற் பிள்ளை முழுச் செவிடாவதில்லை. காதில் விரலை வைத்து அடைத்தாற்போல ஒலி மங்கும். கதவு அறைந்தால் திடுக்கிடும். கோயில் மணிக்குத் திரும்பும். ஆனால் தாய் மெல்லப் பேசும் சொற்களின் நுண்ணொலிகள் மங்கிப்போகும். பெரும்பாலும் இந்நீர் மூன்று மாதத்துக்குள் வற்றிவிடும். வற்றாது தங்கினாலும் திரும்பத் திரும்ப வந்தாலும் வைத்தியர் செவிப்புலனை அளந்து, தேவையாயின் செவிப்பறையிற் சிறு குழாய் வைப்பார். படுக்க வைத்துப் புட்டியிற் பால் கொடாமை, தாய்ப்பாலூட்டல், வீட்டினுள் புகைபிடியாமை ஆகியவை காதைக் காக்கும். காதுக்குள் எண்ணெய் வார்ப்பதை அன்னையர் அடியோடு கைவிட வேண்டும்.

இதனினும் கொடியது பிறவியிலேயே உள்ள செவிட்டுத்தன்மை. குறைமாதத்திற் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த பிள்ளை, கடும் மஞ்சட்காமாலையோ மூளைக்காய்ச்சலோ கண்ட பிள்ளை, குடும்பத்தில் கேளாதோர் உள்ள பிள்ளை ஆகியோருக்கு இவ்வாபத்து மிகுதி. குறைமாதப் பிள்ளைகளிடையே எதிர்க்களிப்பும் சாதாரணம். கண்ணுக்குத் தெரியும் வாந்தியின் பின்னே கண்ணுக்குத் தெரியாத குறை ஒளிந்துகொள்கிறது. கேளாத பிள்ளையும் முதன் மாதங்களில் ‘ஆ, ஊ’ என்று ஒலியெழுப்பும். அது கேட்டுப் பெற்றோர் ஏமாறுவர். கேட்கும் பிள்ளை பத்து மாதத்துக்குள் ‘பா பா, மா மா’ என்று அசையடுக்கும். கேளாத பிள்ளையிடம் அது வராது, அல்லது மிகப் பிந்தும். முதுகின் பின்னே நின்று கை தட்டிப் பார்ப்பது சோதனையாகாது. நிழலையும் காற்றசைவையும் உணர்ந்தே பிள்ளை திரும்பிவிடும்.

மெய்யான சோதனை எளியது. உறங்கும் பிள்ளையின் காதிற் சிறு முனையை வைத்து மெல்லொலியைச் செலுத்தினால், நலமுள்ள உட்செவி எதிரொலி தரும். கருவி அதைப் பதிவு செய்யும். சில நிமிட வேலை; நோவில்லை. தீவிர சிகிச்சையில் இருந்த பிள்ளைகளுக்கு நரம்பின் வழி மூளைத்தண்டு வரை அளக்கும் மற்றொரு சோதனையும் வேண்டும். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் நோய்த் தெளிவு, ஆறு மாதத்துக்குள் பரிகாரம் என்பது உலகம் ஏற்ற அளவுகோல். இங்கிலாந்து 2001இல் தொடங்கி 2006இல் நாடெங்கும் இச்சோதனையைப் பரப்பிற்று. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரசின் காப்புறுதித் திட்டத்தில் உட்செவிக் கருவி பொருத்தப்படுகிறது. காலம் கடந்தால் அக்கருவியும் முழுப்பயன் தராது. ஒலியைப் பொருள்கொள்ள மூளை பழகும் பருவம் அந்த முதற் சில ஆண்டுகளே.

கைதடியிலே நவீல்ட் பாடசாலை 1950களிலிருந்து வாய்பேசாப் பிள்ளைகளுக்குக் கல்வி தருகிறது. நன்றியோடு நினைக்க வேண்டிய பணி. சைகையும் மொழியே, அதை இழிவாக எண்ணுவாரோடு நாம் உடன்படோம். ஆயினும் பள்ளி வயதுக்கு வந்த பின்னரே ஒரு பிள்ளை முதன்முதலாக ஏதேனும் ஒரு மொழியைக் காணுமாயின், அதற்கு முந்திய ஐந்தாண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பார்?

எமது கோரிக்கை மிகையானதன்று. காங்கேசன்துறைத் தாய் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டிய தூரம் சுமார் 18 கிலோமீற்றர். கைக்குழந்தையோடு, நாட்கூலியை இழந்து, “பிறகு வாருங்கள்” என்ற சொல்லுக்காக இருமுறை போகிறவள் மூன்றாம் முறை போகமாட்டாள். ஆதலால் பிரசவம் நடந்த வைத்தியசாலையை விட்டு வெளியேறுமுன்னரே ஒவ்வொரு பிள்ளையின் செவியும் சோதிக்கப்பட்டு, முடிவு அதன் சுகாதாரப் பதிவேட்டிலே எழுதப்படவேண்டும். விடுபட்ட பிள்ளைகளைத் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலே குறித்த நாளிற் சோதிக்கலாம். வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர், பால் கக்குவது பற்றி விசாரிக்கும்போதே “கூப்பிட்டாற் திரும்புகிறதா, அசையடுக்கிறதா” என்றும் விசாரிக்க வேண்டும். ஐயம் என்று தாய் சொன்னால் அதுவே சோதனைக்குப் போதிய காரணம்.

கருவி வாங்குவது எளிது, ஆள் வேண்டும். களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவபீடம் பேச்சு, செவிப்புலத் துறையிற் பட்டப்படிப்பை நடத்துகிறது. ஆயினும் தமிழிற் பயிற்சியளிக்கவல்லோர் மிகச் சிலர். பேச்சுப் பயிற்சியோ வீட்டு மொழியில் நடக்க வேண்டியது. தாய்க்கு விளங்காத மொழியிற் சொன்ன பயிற்சி வீட்டுக்கு வந்து சேராது. தமிழ்ப் பிரதிநிதிகள் வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் எழுந்து, வடக்கின் ஒவ்வோர் ஆதார வைத்தியசாலைக்கும் தமிழறிந்த பேச்சுப் பயிற்சியாளரும் செவிப்புலப் பரிசோதகரும் எத்தனைபேர், எந்த ஆண்டுக்குள் நியமிக்கப்படுவர் என்று கேட்கட்டும். விடையை நாம் இப்பத்திரிகையிலே வெளியிடுவோம்.