மேல்முறையீடு இல்லாத குடியுரிமை

அசாம் மாநிலம் நல்பாரி மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவரை 2012 மார்ச் மாதத்தில் வெளிநாட்டினர் தீர்ப்பாயம் வெளிநாட்டவர் என்று அறிவித்தது. உடல்நலக் குறைவு காரணமாக அவரால் விசாரணைக்கு வர இயலவில்லை. அவர் தரப்பைக் கேட்காமலேயே உத்தரவு பிறந்தது. கௌகாத்தி உயர்நீதிமன்றம் 2015இல் அதில் தலையிட மறுத்துவிட்டது. உச்சநீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பிய பின்னரும், ஆவணங்களில் பெயரின் எழுத்தும் தேதியும் பொருந்தவில்லை என்று கூறித் தீர்ப்பாயம் பழைய முடிவையே எடுத்தது. 2024 ஜூலை 11 அன்றுதான் அவர் இந்தியர் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைக் கேட்க அவர் உயிருடன் இல்லை. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டிருந்தார்.

அத்தீர்ப்பு வரவேற்கத்தக்கது. எவ்வித ஆதாரமும் இல்லாமல் ஒருவரது கதவைத் தட்டி, 'நீ இந்தியன் என்று நிரூபி' எனக் கூறும் உரிமை அரசுக்கு இல்லை என்பதையும், சிறு எழுத்துப் பிழைகள் குடியுரிமையைப் பறிக்கப் போதுமானவை அல்ல என்பதையும் அது தெளிவுபடுத்தியது. வாக்காளர் பட்டியலில் பெயர் பிழையின்றி அச்சாகியிருக்கும் ஏழைக் குடும்பம் இந்நாட்டில் எத்தனை இருக்கும்?

ஆயினும், ஒரு வெளிப்படையான தவறைத் திருத்த ஏன் 12 ஆண்டுகள் ஆயின என்ற கேள்வி எஞ்சுகிறது. திருட்டு வழக்கில் ஓராண்டு சிறைத்தண்டனை பெற்றவருக்குச் சட்டப்படி மேல்முறையீட்டு உரிமை உண்டு. மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சியங்களை மீண்டும் எடைபோட்டுப் பார்க்கும். மரண தண்டனை என்றால், குற்றவாளி கேட்காவிட்டாலும் உயர்நீதிமன்றத்தின் ஒப்புதலின்றி நிறைவேற்ற முடியாது. வெளிநாட்டினர் தீர்ப்பாயத்தின் முடிவுக்கு எதிராகவோ மேல்முறையீடே கிடையாது. நீதிப்பேராணை மனு ஒன்றுதான் வழி. அதில் உயர்நீதிமன்றம் சாட்சியங்களுக்குள் பொதுவாக நுழைவதில்லை. அதிகார வரம்பு மீறப்பட்டதா, இயற்கை நீதி மறுக்கப்பட்டதா, சட்டப்பிழை வெளிப்படையாகத் தெரிகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. ஒப்பந்த முறையில் நியமிக்கப்படும் உறுப்பினர் ஒருவர் உண்மை எது என்று முடிவு செய்துவிட்டால், நடைமுறையில் அதுவே இறுதி முடிவாகிவிடுகிறது. கௌகாத்திக்குப் பேருந்துக் கட்டணம் திரட்டவே தவிக்கும் ஆற்றுத் தீவுக் குடியானவருக்கு அந்த ஒரு வழியும் எட்டாத தொலைவில்தான் உள்ளது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1983ஆம் ஆண்டின் சட்டவிரோதக் குடியேறிகள் சட்டத்தில் நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டுபவரைச் சார்ந்திருந்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் இருந்தது. 2005இல் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தை ரத்து செய்தபோது இவ்விரண்டு பாதுகாப்புகளும் சேர்ந்தே போயின. எஞ்சியது காலனி ஆட்சிக்காலத்து 1946ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டம். அதற்கு மாற்றாக 2025இல் மோடி அரசு கொண்டுவந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டமும் நிரூபிக்கும் பொறுப்பைத் தனிநபரின் தலையிலேயே சுமத்துகிறது. அதன் கீழ் வெளியிடப்பட்ட ஆணை, தடுப்பு முகாமுக்கு அனுப்பும் அதிகாரத்தைத் தீர்ப்பாயங்களுக்குக் கூடுதலாக அளித்துள்ளது.

அசாம் பாஜக அரசுக்கு அதுவும் போதவில்லை. 1950ஆம் ஆண்டின் வெளியேற்றச் சட்டத்தைத் தூசுதட்டி எடுத்து, தீர்ப்பாயத்துக்கே போகாமல், மாவட்ட ஆணையர் 10 நாள் அவகாசம் அளித்து வெளியேற்ற உத்தரவிடும் நடைமுறைக்கு 2025 செப்டம்பரில் அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது. விசாரிப்பவரும் தீர்ப்பளிப்பவரும் நிறைவேற்றுபவரும் ஒரே அதிகாரி! 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் விடுபட்ட 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர், இந்துக்களும் முஸ்லிம்களும் பழங்குடியினரும், இந்த நிழலில்தான் வாழ்கிறார்கள்.

வெளிநாட்டினர் தீர்ப்பாயத்தின் ஒவ்வொரு முடிவுக்கும் எதிராக, சட்டத்தின் மீதும் உண்மைகளின் மீதும் நீதிபதிகள் முன் மேல்முறையீடு செய்யும் உரிமையை நாடாளுமன்றம் சட்டமாக்க வேண்டும். ஒருதலைப்பட்சமாகப் பிறப்பிக்கப்பட்ட பழைய உத்தரவுகளுக்கும் அது பொருந்த வேண்டும். இலவச சட்ட உதவி முதல் நோட்டீஸ் வரும் நாளிலிருந்தே கிடைக்க வேண்டும். மேல்முறையீடு முடியும்வரை எவரையும் எல்லைக்கு அப்பால் தள்ளக் கூடாது.